பனி என்று எழுதிக் கொடுத்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் குழு சார்பில் ஒரு நற்பணி செய்தோம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே இருக்கிற ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஒளிரும் ஜாக்கெட் கொடுத்தோம். ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருப்பார்களே, அதேதான். பச்சை நிறம், குறுக்கே வெள்ளிப் பட்டை. வெளிச்சம் பட்டால் பளபளவென்று மின்னும்.

பேனர் கட்டினோம். டீயும் வர்க்கியும் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம் – நான் இடமிருந்து மூன்றாவது ஆள். எங்கள் வாட்ஸ்அப் குழுவின் அட்மின், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், பத்து நிமிடம் பேசினார். “சகோதரிகளே, உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்” என்றார். பெண்கள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லி, அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஏற்கெனவே கண்ணைக் காட்டியிருந்தார்.

எல்லாம் முடிகிற நேரம். சாந்தி என்கிற பெண் ஜாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க சார்… இதைப் போட்டுக்கிட்டா எங்களை உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்க. சரி. எங்களுக்கு ரோடு தெரியுமுங்களா?”

அட்மின் “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு அடுத்த போட்டோவுக்கு எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

கேள்வி பொதுவாகக் கேட்டதுதான். ஆனால் சாந்தி பார்த்தது என்னை. காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன். சிரிக்க எதுவும் கிடைக்காது – முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு டாக்டர் சொல்லி சைக்கிள் வாங்கியவன் நான். மலையில் சைக்கிளா என்று கேட்காதீர்கள். கியர் இருக்கிறது. பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக எனக்கு வெட்கமும் கிடையாது.

பிரச்சினை ஏற்றம் அல்ல, சீசனுக்கு வரும் கார்கள். சைக்கிள்காரனை ஒரு மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். ஒரு நாள் வளைவில் ஒரு டூரிஸ்ட் வேன் என்னைச் சுவரோடு சேர்த்து உரசிக்கொண்டு போனது. முழங்கையில் தோல் போயிற்று. வேன் நிற்கவே இல்லை. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே கோயமுத்தூர் இறங்கி ஒரு லைட் வாங்கினேன்.

சாதாரண லைட் இல்லை. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், ஆனால் ஐந்து மோட். முதல் மூன்றும் மங்கல், நடுத்தரம், பிரகாசம். நாலாவது மெதுவாக மினுக்கும். ஐந்தாவது இருக்கிறதே… வெட்டி வெட்டி அடிக்கும். எதிரே இருப்பவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். “இதைப் போட்டீங்கன்னா சார், எதுக்க வர்றவன் பிரேக்குல கால் வெச்சே தீரணும்” என்றார் கடைக்காரர்.

உண்மைதான். முதல் நாளே ஒரு பஸ் எனக்காக வேகத்தைக் குறைத்தது. ஒரு கார் ஒதுங்கி நின்று வழி விட்டது. அறுபது வருஷத்தில் என்னைக் கண்டு யாரும் ஒதுங்கியதில்லை. ஆபீசில் ஒதுங்கவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சும்மா சொல்லக் கூடாது – எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பகலிலும் ஐந்தாவது மோட், பனியிலும் ஐந்தாவது மோட். என்னைப் பார்த்துக் குழுவில் மற்றவர்களும் வாங்கினார்கள்.

அதன் பிறகு, கார்த் தொல்லையே வேண்டாம் என்று எஸ்டேட் ரோட்டுக்கு மாறினோம். மேனேஜரைப் பார்த்து பர்மிஷன் வாங்கியது அட்மின்தான். கேட்டைத் திறந்து விடுவார்கள். உள்ளே கார் கிடையாது, பஸ் கிடையாது. எப்போதாவது எஸ்டேட் ஜீப். மற்றபடி நடந்து போகிற தொழிலாளர்கள் மட்டும்.

அப்படியானால் அந்த ஐந்தாவது மோட் யாருக்கு?

இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மோட் மாற்ற பட்டனை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். லைட்டின் தலையை ரோட்டைப் பார்த்துக் குனிய வைக்க ஒரு விரல் போதும். நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான், ஆனால் பொய்.

அக்டோபர் மாதம். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். இருட்டவில்லை. ஆனால் பனி கீழேயிருந்து ஏறி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மாதிரி மூடிவிட்டது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பனியில் பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் முன்னால் போகாது, திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும். லைட்டைக் குறைத்துத் தாழ்த்திப் போட வேண்டும். எனக்கும் தெரியும். தெரியும் என்பதற்கு அத்தாட்சி வேறு இருக்கிறது – இரண்டு வருஷம் முன்பு இதே பத்தியில், பனியில் ஹை பீம் போடும் டாக்ஸிக்காரர்களை வறுத்தெடுத்திருக்கிறேன். ரொம்பப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

அன்றைக்கு எனக்கே வழி தெரியவில்லை. அதனால் லைட்டைக் குறைக்காமல், இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இறக்கத்தில் வந்தேன்.

வளைவில் எதிரே பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எடுத்த கொழுந்தை எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு மூட்டை. நனைந்த கொழுந்து, கனம் அதிகம். இரண்டு கைகளையும் தூக்கி மூட்டையைப் பிடித்திருப்பார்கள். முன்னால் வந்தவர் பெயர் புஷ்பராணி. அவருக்குப் பின்னால் சாந்தி.

உங்கள் முகத்தில் யாராவது டார்ச் அடித்தால் என்ன செய்வீர்கள்? கையைத் தூக்கிக் கண்ணை மறைப்பீர்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். புஷ்பராணிக்கு மறைக்கக் கை இல்லை. இரண்டும் தலைக்கு மேலே இருந்தன. கண்ணை மூடினார். வருவது சைக்கிளா, லாரியா, பக்கத்திலா, தூரத்திலா – ஒன்றும் தெரியாமல் ஓரமாக ஒதுங்கினார். ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற வடிகால்.

சத்தம் கேட்டுத்தான் பிரேக் பிடித்தேன். திரும்பி வந்தேன். அவர் பள்ளத்தில் கிடந்தார், மூட்டை அவர் மேலே. மற்ற பெண்கள் தங்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“ஏம்மா, இவ்வளவு வெளிச்சமா வர்றேன்… பார்த்து வரக் கூடாதா?”

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். புஷ்பராணி வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை.

“வெளிச்சம் மட்டுந்தாங்க தெரிஞ்சுச்சு. கான் தெரியலைங்க” என்றார். அவர்கள் பேச்சில் வடிகாலுக்குக் கான் என்று பெயர்.

அந்த நேரத்தில் கீழேயிருந்து எஸ்டேட் ஜீப் வந்தது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் டிரைவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டார். சின்ன லைட் மட்டும் எரிந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினார். ஆறுமுகம் என்று பெயர். நடந்ததைப் பார்த்தார், என் லைட்டைப் பார்த்தார். அது இன்னும் வெட்டி வெட்டி அடித்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, முதல்ல அதை அணைங்க” என்றார்.

அணைத்தேன்.

“தலைல மூட்டையோட வர்றவங்களைக் கண்டா நாங்க லைட்டை அணைச்சுப் போட்டு நின்னுக்குவோமுங்க. அவங்க எல்லாரும் தாண்டுன பொறவுதான் வண்டி எடுக்கறது. மேனேஜர் ஜீப்பா இருந்தாலும் அப்படித்தானுங்க. யாரும் எழுதி வெக்கலை… இங்க வண்டி ஓட்டறவங்க எல்லாருக்கும் தெரியும்.”

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. புஷ்பராணியையும் சாந்தியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்ற பெண்கள் சிதறிய கொழுந்தைப் பொறுக்கி மூட்டையில் போட்டார்கள். நானும் குனிந்து பொறுக்கினேன். ஒரு பெண் “நீங்க போங்க சார்” என்றார். போய்விட்டேன்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

அன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைச் சொன்னேன். அனுதாபம் கொட்டியது. எனக்கு, அந்த அம்மாவுக்கு இல்லை. “நல்லவேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.” “அவர்கள் இருட்டு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள், எப்படித் தெரியும்?” ஜாக்கெட் யோசனை பிறந்தது அங்கேதான். அட்மின் தனியாகப் போன் செய்தார். “எதையும் எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகும். பர்மிஷனும் போய்விடும்” என்றார்.

மூன்றாம் நாள் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு புஷ்பராணியைப் பார்க்கப் போனேன். லைன் வீடு – வரிசையாகப் பத்து வீடுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அறை. கையில் கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாந்திதான் டீ போட்டார். பக்கத்து வீடு அவருக்கு.

அங்கேதான் முழு விஷயமும் தெரிந்தது. சாந்தி சொன்னார். புஷ்பராணியின் கணவர் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீடு வேலையோடு சேர்ந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான் வீடு. புஷ்பராணியோ டெம்பரரி. இந்த சீசன் முழுக்க லீவு போடாமல் வந்தால் நிரந்தரம் செய்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதுவரை வீட்டில் இருக்கலாம். காய்ச்சலில்கூட அவர் லீவு போட்டதில்லை.

“இப்ப கொழுந்து வெட்டறது கத்திரியிலுங்க சார். ரெண்டு கையும் வேணும்” என்றார் சாந்தி.

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘தப்பு என் மேல்தானம்மா, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அட்மின் போனில் சொன்னதும் கூடவே வந்தது.

“அன்னிக்குப் பனி ரொம்ப ஜாஸ்தி… இல்லையாம்மா?” என்றேன்.

புஷ்பராணி என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க. பனிதானுங்க” என்றார்.

சாந்தி எங்கள் இருவரையும் பார்த்தார். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், எழுந்து நின்று கை கொடுத்தார். என் பத்தியைப் படிப்பதாகவும் சொன்னார். மேஸ்திரியின் ரிப்போர்ட் அவர் மேஜையில் இருந்தது. ‘கவனக்குறைவாக நடந்து தானாக விழுந்தார்’ என்று எழுதியிருந்தார்கள்.

“இது அப்படியே இருந்தால் அந்த நாட்கள் எல்லாம் லீவுதான் சார். நிரந்தரம் செய்ய முடியாது. வெளியாள் வண்டியால் நடந்த விபத்து என்றால் விஷயமே வேறு. கட்டுப் போட்டிருந்த நாட்களை வேலை நாட்களாக எழுத எனக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்கள் நேரில் பார்த்தவர். நடந்ததை எழுதிக் கொடுங்கள், போதும்” என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா? கதவைத் திறந்து வைத்து, பேனாவையும் கையில் கொடுத்தார்.

நான் எழுதினேன். ‘கடும் மூடுபனி காரணமாகப் பாதை தெரியாத நிலையில், எதிர்பாராதவிதமாகத் தவறி விழுந்தார்.’

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனியுங்கள். பனி இருந்தது. பாதை தெரியவில்லை. விழுந்தார். மேஸ்திரி எழுதியிருந்த ‘கவனக்குறைவு’ என் கடிதத்தில் இல்லை. அதையே அவருக்குச் செய்த பெரிய உதவி என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். வருஷக் கணக்காக எழுதிப் பழகிய கை இதற்குத்தான் உபயோகப்பட்டது.

மேனேஜர் படித்தார். “லைட் பற்றி ஏதோ பேச்சு அடிபட்டதே சார்?” என்றார்.

“சைக்கிளுக்கு லைட் இருந்தது. எல்லா சைக்கிளிலும் இருக்கும்” என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கடிதத்தைப் பைலில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சாந்தியிடம் போனேன். ஜாக்கெட் வாங்க புஷ்பராணி ஏன் வரவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

“அவங்க போயிட்டாங்களே சார். பொங்கலுக்கு முன்னாடியே. மக ஊட்டுக்கு, திருப்பூருக்கு. அந்த ஊட்டுல இப்ப வேலைக்கு வந்த ஜார்க்கண்டுக்காரங்க இருக்கறாங்க.”

“என் மேல கோபமா இருந்தாங்களா?”

சாந்தி ஜாக்கெட்டை மடித்துக் கூடையில் வைத்தார்.

“கோவமெல்லாம் இல்லைங்க. நீங்க மேனேஜருக்குக் கடுதாசி குடுத்தீங்களே… அன்னிக்கு அவங்க ஆபீசு வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. நீங்க பார்க்கலை. ‘நான் சொன்னா எடுபடாது சாந்தி, அந்தச் சாரு பேப்பர்ல எழுதறவரு, உள்ளதை எழுதிருவாரு’ன்னாங்க.”

சாந்தி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மேனேஜரிடம் வேறு ஒரு கடிதம் கொண்டுபோனேன். படித்தார். இரண்டு முறை படித்தார். “பைல் முடிந்துவிட்டது சார். வீட்டை அலாட் பண்ணியாச்சு, அந்தக் குடும்பத்தை எங்கே அனுப்புவது?” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் இந்த முறை எழுந்து கை கொடுக்கவில்லை. சைக்கிள்களுக்கு இனி எஸ்டேட் கேட் திறக்காது என்று சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை அட்மின் என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். காரணமும் எழுதியிருந்தார் – குழு நலனுக்கு எதிராக நடந்துகொண்டேனாம்.

சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். லைட்டின் தலையைக் குனிய வையுங்கள், வெளிச்சம் எதிரே வருபவரின் காலுக்கு மேலே ஏறக் கூடாது. நடந்து போகிறவர்கள் இருக்கும் ரோட்டில் மினுக்கும் மோட் வேண்டாம். பனியில் குறைத்துப் போடுங்கள். சுமை தூக்கி வருகிறவரைக் கண்டால் இறங்குங்கள், லைட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் தாண்டிப் போக அரை நிமிடம்கூட ஆகாது. பெரிய வண்டிக்காரன் நம்மை மதிக்கவில்லை என்று வாங்குகிற வெளிச்சத்தை, நடந்து வருகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். வேன்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் நிற்கவில்லை, நான் நின்றேன். நின்று என்ன செய்தேன் என்பதைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள்.

திங்கட்கிழமை கொடுத்த கடிதத்தை இங்கேயும் போட்டுவிடுகிறேன். மேனேஜர் பைலில் வைத்தாரோ, குப்பையில் போட்டாரோ தெரியாது. திருப்பூரில் யாராவது இந்தப் பக்கத்தைப் புஷ்பராணிக்குப் படித்துக் காட்டினால் தேவலை.

‘என் சைக்கிள் விளக்கு அவர் கண்ணில் அடித்தது. அதனால் வழி தெரியாமல் அவர் வடிகாலில் விழுந்தார். விளக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டியவன் நான். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.’

நாலே நாலு வாக்கியம். எழுத நாலு மாதம் பிடித்தது எனக்கு. அதற்குள் அவருக்கு வீடு போய்விட்டது.